ஏ லெவலில் ஆங்கில இலக்கியம்: தமிழ்ப் பள்ளி வாசலில் கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் மகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு வாசலில் நிற்கும்போது யாராவது ஒரு பெற்றோர் வந்து பேச்சுக் கொடுப்பார். லண்டனில் ஒரு சிக்ஸ்த் ஃபார்மில் ஆங்கில இலக்கியம் கற்பிப்பது என் வேலை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தை மாசியில் கேள்விகள் அதிகம் வரும். இயர் 11 பிள்ளைகள் (15, 16 வயது) ஏ லெவலுக்கு, அதாவது 18 வயதில் எழுதும் தேர்வுக்கு, பாடம் தேர்ந்தெடுக்கும் நேரம் அது. ஆகஸ்டில் ரிசல்ட் வந்த பிறகு இன்னொரு சுற்று. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்துப் போனதால் எழுதி வைத்துவிட்டேன். இது இங்கிலாந்து நடைமுறை. ஸ்காட்லாந்தில் முறையே வேறு.

சிக்ஸ்த் ஃபார்ம் என்பது நம் ஊர் பிளஸ் டூ மாதிரியா?

வயதுக் கணக்கில் அப்படித்தான். 16 வயதில் ஜிசிஎஸ்இ தேர்வை (நம் ஊர் பத்தாம் வகுப்புத் தேர்வு மாதிரி) முடித்தபின் 18 வரை படிக்கும் இரண்டு ஆண்டுகள், இயர் 12, இயர் 13. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. அங்கே உயர்தரம் என்பதும் ஏ லெவல்தான், பெயர் இங்கிருந்து போனது. இங்கே ஏ லெவல் தொடங்கியது 1951இல்.

பெரிய வேறுபாடு என்னவென்றால், பெரும்பாலான பிள்ளைகள் மூன்றே பாடங்கள்தான் எடுப்பார்கள். அதனால் ஒவ்வொரு பாடமும் ஆழமாகப் போகும், தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அடியும் பலமாக விழும். 2015இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு தேர்வெல்லாம் இரண்டாம் ஆண்டின் முடிவில்தான். முதலாண்டு மார்க் சேராது. பழைய முறையில் படித்த அண்ணன், அக்கா சொல்லும் யோசனைகளில் பாதி இப்போது செல்லாது.

ஆங்கில இலக்கியம், ஆங்கில மொழி, இரண்டும் சேர்ந்த பாடம் என்று மூன்று இருக்கிறதே?

மூன்றும் தனித்தனி ஏ லெவல். இலக்கியத்தில் நாடகம், கவிதை, நாவல். மொழியில் குழந்தை எப்படிப் பேசக் கற்றுக்கொள்கிறது, வட்டார வழக்கு எப்படி மாறுகிறது, விளம்பரமும் செய்தியும் எப்படி எழுதப்படுகின்றன என்று போகும், ஓரளவு மொழியியல். சேர்ந்த பாடத்தில் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கும் எண்ணம் இருந்தால் இலக்கியமோ சேர்ந்த பாடமோ எடுப்பது பாதுகாப்பு. எந்தப் பல்கலைக்கழகம் எதை ஏற்கிறது என்பதை அதன் சேர்க்கைப் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். பிள்ளையால் சமாளிக்க முடியுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் பிள்ளையைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே கேட்பார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை.

முடியும். ஜிசிஎஸ்இயில் பல பள்ளிகள் ஆங்கிலத்துக்குக் கிரேடு 6 அல்லது அதற்கு மேல் கேட்கின்றன (9தான் உச்சம்). அதை எட்டிய பிள்ளைக்கு இலக்கியத்தை எழுதும் அளவுக்கு மொழி இருக்கிறது. எழுத்துப் பிழைக்கென்று தனியாக மார்க் வெட்டுவதில்லை. தெளிவாகவும் சரியாகவும் எழுதுவது மதிப்பீட்டில் ஒரு பங்கு, அவ்வளவுதான். பேச்சில் வரும் தமிழ் வாடை தேர்வுத்தாளில் யாருக்கும் தெரியாது.

உண்மையான இடைஞ்சல் வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. ஆங்கில இலக்கியம் பைபிளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818இல் வந்தபோது அதன் முகப்பிலேயே, ஆதாம் ஏவாளின் வீழ்ச்சியைப் பாடும் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ வரிகள்தான். கதைக்குள் ஃபிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய அந்த உருவம் படித்துவிட்டுத் தன்னை ஆதாமோடும் சாத்தானோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதே நூலைத்தான். மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ தொடங்குவது பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் ராகேல் தன் பணிப்பெண்ணைக் கணவனிடம் அனுப்பும் இடத்திலிருந்து. ஏதேன் தோட்டம், பாம்பு, தம்பியைக் கொன்ற காயீன், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வளர்ந்த பிள்ளைக்குக் காதில் விழுந்தவை. நம் வீட்டுப் பிள்ளைக்கு வாலியும் சுக்ரீவனும் தெரியும், காயீன் தெரியாது. கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கை கூடுதல்.

இதற்கு டியூஷன் வேண்டாம். ஆதியாகமத்தின் முதல் நான்கு அதிகாரங்கள், நற்செய்தி நூல்களில் ஒன்று. தமிழில் படித்தாலும் சரி. ஒரு வார இறுதி வேலை. என்னிடம் படித்த ஒரு பையன், ஆச்சி வீட்டில் இருந்த பழைய தமிழ் வேதாகமத்தை எடுத்துப் படித்துவிட்டு வந்து, வில்லியம் பிளேக்கின் தோட்டக் கவிதையை வகுப்பில் எல்லோருக்கும் விளக்கினான்.

என்னென்ன புத்தகங்கள் படிக்க வேண்டும்?

பள்ளி எந்தத் தேர்வு வாரியத்தை எடுத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தில் பொதுவாக ஏகியூஏ, எட்எக்செல், ஓசிஆர், எடுகாஸ் என்று நான்கு. ஏகியூஏவுக்குள்ளேயே லிட்ரேச்சர் ஏ, லிட்ரேச்சர் பி என்று இரண்டு பாடத்திட்டங்கள். முன்னதன் எண் 7712, பின்னதன் எண் 7717. ஓசிஆரின் எண் எச்472. பள்ளியின் திறந்தநாள் (ஓப்பன் டே) நிகழ்ச்சிக்குப் போகும்போது இந்த எண்ணைக் கேட்டு எழுதி வாருங்கள். பழைய கேள்வித்தாள், மார்க் ஸ்கீம், தேர்வாளர் அறிக்கை எல்லாவற்றையும் அந்த எண்ணை வைத்துத்தான் தேட முடியும். ஒரு தாய் ஏகியூஏ பிள்ளைக்கு ஓசிஆர் வழிகாட்டி நூலை வாங்கிக் கொடுத்து, பிள்ளை நான்கு மாதம் அதை வைத்துப் படித்த கதை எனக்குத் தெரியும்.

எந்த வாரியமானாலும் அடிப்படை ஒன்று: குறைந்தது எட்டு நூல்கள். அவற்றில் குறைந்தது மூன்று 1900க்கு முந்தியவை, அந்த மூன்றில் ஒன்று ஷேக்ஸ்பியர். 2000க்குப் பிறகு வந்தது ஒன்றாவது இருக்க வேண்டும். நாடகம், கவிதை, உரைநடை மூன்றும் வேண்டும். இதற்குமேல் முன்பின் பார்க்காத பகுதி ஒன்றைத் தேர்வில் கொடுத்து எழுதச் சொல்வார்கள்.

வாரியங்களின் குணம் வேறு வேறு. ஏகியூஏ லிட்ரேச்சர் ஏ-வின் முதல் தாள் முழுக்க காதல்; நூற்றாண்டுகளாகக் காதலை எப்படி எழுதினார்கள் என்பது. மூன்று மணி நேரம், 75 மார்க். லிட்ரேச்சர் பி-யில் துன்பியலோ இன்பியலோ, அப்புறம் குற்றக்கதை அல்லது அரசியல் எதிர்ப்பு எழுத்து. ஓசிஆரில் கோதிக் (திகில் மரபு), டிஸ்டோபியா (கெட்ட கனவு போன்ற கற்பனைச் சமூகம்), பெண்கள், புலம்பெயர்ந்தோர் அனுபவம் என்று தலைப்புகள். எட்எக்செல்லில் உரைநடைத் தாளுக்குக் காலனியாதிக்கமும் அதன் பின்விளைவும் என்ற தலைப்பு ஒன்று உண்டு. ஆனால் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் ஆசிரியர்தான், பிள்ளை இல்லை. பள்ளி வாங்கி அடுக்கி வைத்திருக்கும் புத்தகமும் இதைத் தீர்மானிக்கும் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

ஜிசிஎஸ்இயில் 8 வாங்கியவள், இப்போது கட்டுரைக்குக் கட்டுரை சி வாங்குகிறாள். என்ன ஆயிற்று?

நவம்பர் மாதப் பெற்றோர் சந்திப்பில் வருடா வருடம் இந்த முகத்தைப் பார்க்கிறேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆட்டம் மாறிவிட்டது. ஒரு காட்சியை எடுத்துக் காட்டினால்தான் புரியும்.

‘ஒதெல்லோ’ நாடகம், மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. வெனிஸின் படைத்தலைவன் ஒதெல்லோ, கறுப்பினத்தவன். அவன் மனைவி டெஸ்டிமோனா. அவள் ஒதெல்லோவின் துணைத்தளபதி காசியோவோடு பழகுகிறாள் என்ற சந்தேகத்தை, ஒதெல்லோவின் கீழ் இருக்கும் வீரன் இயாகோ கிளப்புகிற காட்சி இது. பெரும்பாலான பிள்ளைகளின் முதல் கட்டுரை இப்படி இருக்கும்: ‘இயாகோ ஒதெல்லோவின் மனத்தில் சந்தேகத்தை விதைக்கிறான். இதன் மூலம் பொறாமை எவ்வளவு ஆபத்தானது என்று ஷேக்ஸ்பியர் காட்டுகிறார்.’ அப்புறம் ஒரு மேற்கோள், அப்புறம் அந்த மேற்கோளுக்குப் பொழிப்புரை. தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நாடகத்தைப் படிக்காமல் கதைச்சுருக்கம் மட்டும் படித்தவனும் இதை எழுதிவிடலாம். ஏகியூஏவின் மதிப்பீட்டில் ஐந்து படிகள். நடுப்படிக்கு அவர்கள் கொடுக்கும் வர்ணனையே நேரடியான, பொருத்தமான பதில் என்பதுதான். அந்தப் படியில்தான் உங்கள் மகள் நிற்கிறாள்.

இப்போது வரிகளுக்குள் போவோம். இயாகோ அந்த இடத்தில் பொய் ஒன்றும் சொல்வதில்லை. ஒதெல்லோவின் சொல்லையே எடுத்துத் திருப்பிக் கொடுக்கிறான். காசியோ நேர்மையானவன் இல்லையா என்று ஒதெல்லோ கேட்க, ‘ஹானஸ்ட், மை லார்ட்?’ என்கிறான். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்க, ‘திங்க், மை லார்ட்?’ என்கிறான். ஒதெல்லோவுக்கு எரிச்சல் வருகிறது, இவன் என்னை எதிரொலிக்கிறானே என்று வாய்விட்டே சொல்கிறான். நல்ல பிள்ளை இதுவரை வந்துவிடுவாள். இன்னும் நல்ல பிள்ளை நாலு வரி பின்னோக்கிப் போய்ப் பார்ப்பாள். முதலில் எதிரொலித்தது யார்? இயாகோ ‘இன்டீட்’ (அப்படியா) என்று ஒரே ஒரு சொல்லைப் போட, அதைப் பிடித்துக்கொண்டு ‘இன்டீட்? ஆம், இன்டீட்’ என்று திரும்பச் சொன்னவன் ஒதெல்லோ. எதிரொலிக்கிறான் என்று குற்றம் சாட்டுகிறவனே அதற்குள் எதிரொலிக்கத் தொடங்கிவிட்டான்.

இதைப் பிடித்துவிட்டால் நாடகம் முழுக்கத் திறந்துகொள்ளும். அதே காட்சியில் பின்னால் இயாகோ அந்த இருவரையும் ஆட்டோடும் குரங்கோடும் ஒப்பிட்டுக் கொச்சையாகப் பேசுகிறான். நான்காம் அங்கத்தின் முதல் காட்சியில், வெனிஸிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் முன்னால் மனைவியை அடித்துவிட்டு வெளியே போகும் ஒதெல்லோ, காரணமே இல்லாமல் ‘கோட்ஸ் அண்ட் மங்கீஸ்!’ என்று கத்துகிறான். அது அவனுடைய சொல் இல்லை, இயாகோவின் சொல். படைத்தலைவனின் வாயில் கீழ்நிலை வீரனின் மொழி புகுந்துவிட்டது. அதே காட்சியில் கொஞ்சம் முன்னால் அவன் வலிப்பு வந்து விழுவதற்குமுன் பேசுவதில் செய்யுளின் ஓசையே இல்லை. உரைநடை, அதுவும் துண்டு துண்டாக. அதுவரை கம்பீரமாகச் செய்யுளில் பேசியவன்.

மேலே உள்ள இரண்டு பத்திகளிலும் பொறாமை என்ற சொல்லே நான் பயன்படுத்தவில்லை. மொழி எப்படிக் கை மாறுகிறது என்று ஒரு வாதம் எடுத்து, மூன்று இடங்களை வைத்து அதை நிறுவினோம். ஏ கிரேடு கட்டுரை இதைத்தான் செய்கிறது. ஜிசிஎஸ்இயில் நுட்பங்களுக்குப் பெயர் சொன்னாலே மார்க் வந்துவிடும்: இது உருவகம், இது மோனை. இங்கே பெயர் சொல்வது வெறும் நுழைவுச்சீட்டு.

இதற்கு ஒரே வழி நூலைத் திரும்பப் படிப்பது. இரண்டாம் தடவைதான் ‘இன்டீட்’ கண்ணில் படும். எனக்கே அது எத்தனையாவது தடவையில் பட்டது என்று சொன்னால் மானம் போய்விடும்.

ஏஓ 1, ஏஓ 2 என்று பிள்ளை ஏதோ சொல்கிறாள். அது என்ன?

மதிப்பீட்டு இலக்குகள், மொத்தம் ஐந்து. முதலாவது வாதமும் எழுத்து நேர்த்தியும். இரண்டாவது, எழுத்தாளர் பொருளை எப்படி உருவாக்குகிறார் என்ற ஆய்வு. மேலே ஒதெல்லோவில் செய்தது பெரும்பாலும் இது. மூன்றாவது, நூல் எழுதப்பட்ட காலமும் படிக்கப்பட்ட காலமும். நான்காவது, நூல்களுக்கு இடையே உள்ள தொடர்பு. ஐந்தாவது, வேறுவேறு வாசிப்புகள். ஏகியூஏவில் எல்லாக் கேள்வியிலும் ஐந்தும் வரும். சதவீதக் கணக்கில் 28, 24, 24, 12, 12. எட்எக்செல்லில் கேள்விக்குக் கேள்வி மாறும்.

பிள்ளைகள் இடறுவது மூன்றிலும் ஐந்திலும். மூன்றாவதுக்காக முதல் பத்தியில் வரலாற்றுப் பாடம் எழுதிவிடுவார்கள்: எலிசபெத் ராணி, ஜேம்ஸ் மன்னர், அந்தக் காலத்தில் பெண்களுக்கு உரிமை இல்லை. அது கட்டுரையோடு ஒட்டாமல் தனியாகக் கிடக்கும். காலச்சூழல் ஒரு சொல்லை விளக்க உதவினால் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஐந்தாவது எனக்குப் பிடித்தது. நம் உரையாசிரியர்களைப் படித்தவர்களுக்கு இது புதிதே இல்லை. ஒரு குறளுக்கு மணக்குடவர் ஒன்று சொல்ல, பரிமேலழகர் வேறு சொல்வார். இருவரையும் வைத்துக்கொண்டு நமக்கு எது சரியாகப் படுகிறது என்று பேசுவோம். அதே வேலைதான். விமர்சகர் ஏ. சி. பிராட்லி 1904இல் ஒதெல்லோவைக் களங்கமற்ற பெருமகன் என்றும், இயாகோவின் சூழ்ச்சியில் விழுந்தவன் என்றும் எழுதினார். 1937இல் இன்னொரு விமர்சகர் எஃப். ஆர். லீவிஸ் அதை மறுத்து, குறை ஒதெல்லோவுக்குள்ளேயே இருக்கிறது, இயாகோ வெறும் தூண்டுகோல் என்றார். மேலே சொன்ன ‘இன்டீட்’ யார் பக்கம் சாய்கிறது? பிள்ளை அதைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினால் ஐந்தாவது இலக்கு தானாக வந்துவிடும். விமர்சகர் பெயரை மட்டும் மனப்பாடம் செய்து ஒட்டினால் வராது.

பாடபேதமும் உண்டு. கடைசிக் காட்சியில் ஒதெல்லோ தன்னை, விலைமதிப்பற்ற முத்தைத் தூக்கி எறிந்தவனோடு ஒப்பிடுகிறான். எறிந்தவன் யார்? 1622இல் வந்த சிறு பதிப்பில் ‘இந்தியன்’ என்று இருக்கிறது. 1623இல் வந்த பெரிய தொகுப்பில் ‘ஜூடியன்’, அதாவது யூதேயாக்காரன். முதலாவது என்றால் முத்தின் மதிப்பு தெரியாதவன். இரண்டாவது என்றால் யூதாஸை நினைவூட்டும் துரோகி. ஒரு சொல்லில் அவன் அறியாமல் தவறியவனா, தெரிந்தே காட்டிக்கொடுத்தவனா என்பது மாறிவிடுகிறது. சுவடி ஒப்பிட்டுப் பாடம் பார்த்த மரபிலிருந்து வந்த வீட்டில் இதைச் சாப்பாட்டு மேசையில் பேசலாம். பேசிப் பாருங்கள்.

புத்தகத்தைத் தேர்வு அறைக்குக் கொண்டு போகலாமா? எத்தனை மேற்கோள் மனப்பாடம் செய்ய வேண்டும்?

வாரியத்துக்கு வாரியம் மாறும். எட்எக்செல்லில் குறிப்பெழுதாத பிரதியைக் கொண்டு போகலாம். ஏகியூஏவில் சில பகுதிகளுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. ஓசிஆரில் புத்தகம் கிடையாது.

மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தால் நீண்ட வரிகள் வேண்டாம். மூன்று நான்கு சொற்கள் கொண்ட துணுக்குகள், நூலுக்கு முப்பது போதும் என்பது என் கணக்கு. பத்து துணுக்கைப் பத்து விதமாகப் பயன்படுத்தத் தெரிந்தவள், நூறு வரி ஒப்பிப்பவளைவிட நன்றாக எழுதுவாள். நம் வீடுகளில் ஒப்பிக்கும் திறமைக்குக் குறைவில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன். புத்தகம் கையில் இருக்கும் தேர்வு சுலபம் என்றும் நினைக்க வேண்டாம். பக்கம் புரட்டியே பதினைந்து நிமிடம் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முன்பின் பார்க்காத கவிதைக்கு எப்படித் தயாராவது?

வாரத்துக்கு ஒரு கவிதை, இருபது நிமிடம், பென்சில். முதலில் யார் யாரிடம் பேசுகிறார்கள், எங்கே தொனி மாறுகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கவிதை திரும்புகிற இடம் எங்கேயாவது இருக்கும். ‘பட்’, ‘யெட்’ என்ற சிறு சொல்லில் கூட இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் கட்டுரைக்கு எலும்பு கிடைத்துவிட்டது. உவமை, உருவகம் எல்லாம் அப்புறம்.

கோர்ஸ்வொர்க் என்றால் என்ன? அதில் தமிழ் சம்பந்தமாக ஏதாவது எழுதலாமா?

மொத்த மார்க்கில் 20 சதவீதம். பிள்ளை வீட்டில் எழுதும் கட்டுரை. பள்ளி ஆசிரியர் திருத்துவார், வாரியம் மாதிரிகளை வாங்கிச் சரிபார்க்கும். ஏகியூஏ லிட்ரேச்சர் ஏ-யில் இரண்டு நூல்களை ஒப்பிட்டு 2500 சொற்கள். குறைந்தது ஒன்று 1900க்கு முந்தியது. ஓசிஆரில் நேர் எதிர்: எல்லாம் 1900க்குப் பிந்தியவை, இரண்டு பணிகள், மொத்தம் 3000 சொற்கள், ஒரு நூல் 2000க்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். தேர்வுக்குப் படிக்கும் நூலை இதில் பயன்படுத்தக் கூடாது.

நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதாக இருப்பதுதான் பொது வழி. மொழிபெயர்ப்புக்கு நிபந்தனைகள் கடுமை. தமிழ் நாவலின் மொழிபெயர்ப்பை வைத்து எழுதுவது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஆங்கிலத்திலேயே எழுதிய நம்மவர்கள் இருக்கிறார்கள். அ. சிவானந்தனின் ‘வென் மெமரி டைஸ்’ 1997இல் வந்தது. இலங்கையின் மூன்று தலைமுறைக் கதை, எழுதியவர் லண்டனில் வாழ்ந்தவர். அனுக் அருட்பிரகாசத்தின் ‘எ பாசேஜ் நார்த்’ 2021 புக்கர் குறும்பட்டியலுக்கு வந்தது. வி. வி. கணேசானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’ 2024இல் பெண் எழுத்தாளர்களுக்கான விமன்ஸ் பிரைஸ் வாங்கியது. யாழ்ப்பாணத்தில் டாக்டராக வேண்டும் என்று படிக்கும் பெண்ணும் இயக்கத்துக்குப் போகும் அவள் அண்ணன் தம்பிகளும்தான் கதை.

இந்தக் கடைசி நூலை ஜார்ஜ் எலியட்டின் ‘தி மில் ஆன் தி ஃப்ளாஸ்’ (1860) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே மேகி என்று ஒரு தங்கை, டாம் என்று ஒரு அண்ணன். படிப்பு வருவது அவளுக்கு, படிக்க அனுப்பப்படுவது அவன். அண்ணன்மீது வைத்த பாசம் அவளை எங்கெல்லாம் கட்டிப்போடுகிறது என்பதுதான் நாவல். நூற்று அறுபது ஆண்டு இடைவெளியில் இரண்டு பெண்கள், இரண்டு வீடுகள். எந்தப் பிள்ளையாவது இதை எழுதினால் நான் ஆசையோடு படிப்பேன். ஒரே எச்சரிக்கை: சொந்தக் குடும்பத்து வலி கட்டுரைக்குள் புகுந்துவிடும். மதிப்பிடப்படுவது நூலின் எழுத்துத்தான், நமக்கு நடந்ததற்கு மார்க் இல்லை. அந்தக் கோட்டைப் பிடிக்க ஆசிரியர் உதவுவார், கேட்கச் சொல்லுங்கள்.

தலைப்பை ஆசிரியரிடம் காட்டி ஒப்புதல் வாங்காமல் எழுதத் தொடங்க வேண்டாம்.

சாட்ஜிபிடியை வைத்து எழுதினால்?

இது என் சொந்த வேலை என்று பிள்ளை கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு எழுதியதைத் தன்னுடையது என்று கொடுத்தால் அது தேர்வு முறைகேடு. மார்க் ரத்து வரை போகும். அதைவிட முக்கியமாக, இரண்டு ஆண்டு ஒரு பிள்ளையின் எழுத்தைப் படித்த ஆசிரியருக்கு அவள் குரல் தெரியும். கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால் தீர்ந்தது.

டியூஷன் வேண்டுமா? யூடியூப் போதுமா?

கணக்குக்கு இருப்பது போன்ற டியூஷன் இதற்குப் பொருந்தாது. யாரோ ஒருவர் எழுதிய ‘ஏ ஸ்டார் மாதிரிக் கட்டுரை’யைப் படித்து அதே போல் எழுதப் பழகினால், முப்பது பிள்ளைகள் ஒரே கட்டுரையை எழுதுவார்கள். திருத்துகிறவருக்கு மூன்றாவது தாளிலேயே தெரிந்துவிடும். காணொளிகள் கெடுதல் இல்லை, நூலைப் படித்த பிறகு பார்த்தால். முன்னால் பார்த்தால் பிள்ளையின் கண் அவர்கள் காட்டிய இடத்திலேயே நின்றுவிடும்.

காசு செலவழிப்பதானால் தேர்வாளர் அறிக்கைகளை அச்செடுத்துக் கொடுங்கள். வாரியத்தின் இணையதளத்தில் சும்மா கிடைக்கின்றன. கடந்த ஆண்டு பிள்ளைகள் எங்கே வழுக்கினார்கள் என்று திருத்தியவர்களே எழுதியிருப்பார்கள். செலவு மை மட்டும்தான்.

இதைப் படித்து என்ன வேலைக்குப் போவது?

கேட்க வேண்டிய கேள்விதான், கூச்சப்பட வேண்டாம். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் புள்ளிகளில் எந்தப் பாடமானாலும் ஏ ஸ்டாருக்கு 56, ஏ-க்கு 48, பி-க்கு 40. இயற்பியல் ஏ-யும் இலக்கிய ஏ-யும் அங்கே ஒன்றுதான். சட்டப் படிப்புக்குப் பொதுவாக இன்ன பாடம் என்ற கட்டாயம் இல்லை. நீளமாகப் படித்து வாதம் கட்டிப் பழகியவர்களுக்கு அங்கே கை கொடுக்கும். மருத்துவத்துக்கு வேதியியல் அநேகமாக எங்கும் வேண்டும், கூட உயிரியலோ இன்னொரு அறிவியலோ கணக்கோ கேட்பார்கள். மூன்றாவது பாடம் இலக்கியமாக இருப்பதைப் பல மருத்துவக் கல்லூரிகள் தடுப்பதில்லை. சேர விரும்பும் கல்லூரியின் நிபந்தனையை மட்டும் முன்கூட்டியே பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022இல் ஆங்கில இலக்கியம் முதல் தடவையாக ஏ லெவலின் முதல் பத்துப் பாடங்களிலிருந்து வெளியே போனது. வேலை கிடைக்காது என்ற பேச்சு ஆங்கிலேயர் வீடுகளிலும் உண்டு என்பதற்குச் சொல்கிறேன். ஆனால் கதை படிக்கவே பிடிக்காத பிள்ளையை, சட்டத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக இதில் தள்ள வேண்டாம். எட்டு நூல்களை இரண்டிரண்டு தடவை படிக்க வேண்டிய பாடம், பிடிக்காதவருக்கு அது தண்டனை.

எங்களுக்கு ஆங்கில இலக்கியம் தெரியாது. வீட்டில் என்ன செய்ய முடியும்?

செப்டம்பருக்கு முன் நூல் பட்டியலை வாங்கி, ஒவ்வொன்றிலும் சொந்தப் பிரதி வாங்கிக் கொடுங்கள். பழைய புத்தகம் போதும், கோடு போடும் சுதந்திரம் வேண்டும். கோடையில் இரண்டையாவது படித்து முடித்திருக்கட்டும். அன்று படித்த பக்கத்தைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது எங்கே தடுமாறுகிறாளோ அங்கே அவளுக்குப் புரியவில்லை. அது அவளுக்கே தெரிந்துவிடும்.

அப்புறம் நாடகத்துக்குக் கூட்டிப் போங்கள். தேம்ஸ் கரையில் இருக்கும் குளோப் அரங்கில் முற்றத்தில் நின்று பார்க்கும் டிக்கெட்தான் மலிவு, கோடை மாதங்களில் நடக்கும். கூரை கிடையாது. நின்றுதான் பார்க்க வேண்டும், தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்கள். குடைக்கு அனுமதி இல்லை. மழைக்கோட்டு எடுத்துப் போங்கள்.